இசாண்ட்லவானா போர்க்களம்: ஜனவரியில் குடும்பத்தோடு போகிறவர்களுக்கு

நீங்கள் கேட்டிருப்பவை மூன்று. 1879-இல் தென்னாப்பிரிக்காவின் இசாண்ட்லவானாவில் ஆங்கிலேயருக்கும் ஜூலு மக்களுக்கும் நடந்த போரை ஆண்டுதோறும் ஜனவரியில் அங்கே நடித்துக் காட்டும் போர்க் காட்சியை ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து ஒரே நாளில் பார்த்துவிட்டுத் திரும்ப முடியுமா? ஊரிலிருந்து வரும் எழுபது வயது பெற்றோருக்கும் எட்டு வயது மகனுக்கும் அந்தப் பயணம் ஒத்துவருமா? அந்தப் போரில் நம் ஆட்கள், அதாவது இந்தியர்கள், இருந்தார்களா? இவற்றுக்கு அடியில் இன்னொரு கேள்வியும் இருப்பதாகப் படுகிறது: அந்தக் காட்சியைப் பார்த்தாலே போர் புரிந்துவிடுமா என்பது. அதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதற்கான பதிலை வைத்துத்தான் எத்தனை நாள் தங்குவது, எதை முதலில் பார்ப்பது என்பதெல்லாம் முடிவாகும். காட்சியை மட்டும் பார்த்தால் சத்தமும் புகையும் பாட்டும் நினைவில் நிற்கும், போர் புரியாது. அங்கே போரைத் தீர்மானித்தது நிலம். அந்த நிலத்தில் ஒரு காலை நேரம் நடந்துவிட்டு, மறுநாள் காட்சியைப் பாருங்கள். போர்க்கள வழிகாட்டிகள் யாரைக் கேட்டாலும் இந்த வரிசையைத்தான் சொல்வார்கள்.

நடந்தது இதுதான். 1879 ஜனவரி 11-ஆம் தேதி ஆங்கிலேயத் தளபதி லார்டு செல்ம்ஸ்ஃபோர்டின் படை ரோர்க்ஸ் ட்ரிஃப்ட் என்ற துறையில் பஃபலோ ஆற்றைக் கடந்து, அரசர் செட்ஷ்வாயோவின் ஜூலு நாட்டுக்குள் நுழைந்தது. 20-ஆம் தேதி இசாண்ட்லவானா மலையின் கிழக்குச் சரிவில் முகாம் போட்டார்கள். அகழி வெட்டவில்லை, வண்டிகளை வட்டமாக நிறுத்தி அரணும் கட்டவில்லை. 22-ஆம் தேதி புதன்கிழமை, விடியும் முன்பே செல்ம்ஸ்ஃபோர்ட் படையில் பெரும் பகுதியைக் கூட்டிக்கொண்டு தென்கிழக்கே மங்கேனிப் பக்கம் போய்விட்டார். ஜூலுப் படை அங்கே இருக்கிறது என்று நினைத்துத்தான் போனார். உண்மையில் அந்தப் படை முகாமுக்கு வடகிழக்கே எட்டுக் கிலோமீட்டர் தொலைவில், ந்க்வெபேனிப் பள்ளத்தாக்கில் ஓசையின்றி உட்கார்ந்திருந்தது. நண்பகலை ஒட்டி முகாமின் குதிரைப்படை அந்தப் பள்ளத்தாக்கின் விளிம்பை எட்டியபோது எல்லாம் வெளிப்பட்டது. அடுத்த இரண்டு மணி நேரத்தில் முகாம் முடிந்துபோனது. முகாமில் இருந்த ஏறத்தாழ 1,700 பேரில் 1,300-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஜூலுத் தரப்பில் வந்தவர்கள் 20,000 அல்லது அதற்கும் மேல் என்பது பொதுவான கணக்கு. படையை நடத்தியவர்களில் மூத்தவர் இன்ட்ஷிங்வாயோ கமஹோலே என்ற தளபதி.

இப்போது நிலத்துக்கு வருகிறேன். முகாமின் வடக்கே நீளமாக ஒரு மேடு கிடக்கிறது, பெயர் இன்யோனி. மலைக்கும் அதன் தெற்கேயுள்ள கல்குன்றுக்கும் நடுவே இருக்கும் கணவாயில் நின்று வடக்கே பாருங்கள். அந்த மேட்டின் விளிம்பு மட்டுமே தெரியும், அதற்கு அப்பால் எதுவும் தெரியாது. அன்றைக்கு முகாமில் இருந்தவர்களுக்குத் தெரிந்ததும் அவ்வளவுதான். பிறகு கிழக்கே திரும்புங்கள். வெளி தட்டையாக, திறந்து கிடப்பதுபோல் தோன்றும். அது தோற்றம் மட்டுமே. மழைநீர் அறுத்த ஓடைப் பள்ளங்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. இங்கே எல்லாரும் டோங்கா என்று சொல்லும் பள்ளங்கள் அவை. அவற்றில் ஒன்றில்தான் கர்னல் டர்ன்ஃபோர்ட் தன் ஆப்பிரிக்கக் குதிரை வீரர்களோடு இறங்கி, ஜூலுப் படையின் இடது கொம்பை, அதாவது சுற்றி வளைக்க வந்த இடப்பக்க அணியை, வெகுநேரம் தடுத்து நிறுத்தினார். மகனை அப்படி ஒரு பள்ளத்தில் இறங்கச் சொல்லுங்கள், ஆழம் குறைந்த இடமாக, கரை உறுதியாக இருக்கும் பக்கமாக, நீங்கள் கையைப் பிடித்துக்கொண்டு. உள்ளே நின்றால் அவனுக்கு மலையின் தலை மட்டும் தெரியும், முகாம் இருந்த சரிவு தெரியாது. ஆயிரக்கணக்கானவர்கள் கண்ணில் படாமல் எப்படி நெருங்கினார்கள் என்பது அவனுக்கு அந்த நொடியிலேயே விளங்கும். ஜனவரியில் புல் இடுப்பளவு வளர்ந்திருக்கும். போர் நடந்ததும் இதே மாதம் என்பதால், அந்தப் புல்லும் பாடத்தில் ஒரு பகுதி.

இன்னொன்றும் குடும்பமாகச் செய்து பார்க்கலாம். ஆங்கிலேயக் காலாட்படையின் ஆறு கம்பெனிகள், அதாவது ஏறத்தாழ ஐந்நூறு அறுநூறு பேர், ஒரு மைலுக்கும் நீண்ட வளைவில் பரவி நின்றார்கள். நீங்கள் நால்வரும் வரிசையாக நின்று, ஒருவருக்கொருவர் மூன்று நான்கு எட்டு இடைவெளி விடுங்கள். அந்த இடைவெளியில் நின்று சுடுகிறவனுக்குப் பக்கத்து ஆள் விழுந்தாலும் ஆதரவு கிடையாது. கையில் இருந்தது மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கி. ஒவ்வொரு வேட்டுக்கும் நெம்புகோலைக் கீழே இழுத்து, ஒரு தோட்டாவைப் போட்டு மூட வேண்டும். ஒருவனிடம் 70 தோட்டாக்கள். கருமருந்து என்பதால் ஒவ்வொரு வேட்டுக்கும் வெண்புகை கிளம்பும், காற்று இல்லாவிட்டால் எதிரே இருப்பது மறைந்துவிடும். தொடர்ந்து சுட்டால் குழாய் சுடும், உள்ளே கரி படியும், மென்தகட்டால் செய்த தோட்டா உறை சில நேரம் சிக்கிக்கொள்ளும். தடிப்பான வரிசையாக நின்று சுடும்போது இவையெல்லாம் பெரிய குறைகளல்ல. அவ்வளவு மெல்லிய கோட்டில் ஒவ்வொன்றும் உயிரைப் பறிக்கும் குறை ஆகிவிடும்.

களமெங்கும் வெள்ளையடித்த கற்குவியல்களைப் பார்ப்பீர்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒருவரோ பலரோ கிடக்கிறார்கள். இவற்றைப் பார்த்தபடி நடந்தால் தோல்வி எந்தப் பக்கம் ஓடியது என்பது புரியும். கணவாயை ஒட்டி அடர்ந்திருக்கும் குவியல்கள், பிறகு தென்மேற்கே மன்ஸிம்ன்யாமா ஓடையை நோக்கி இழைபோல நீள்கின்றன. தப்பியோடியவர்களின் பாதை அது. ஜூலுப் படையின் வலது கொம்பு மலையைச் சுற்றிப் பின்னால் வந்து ரோர்க்ஸ் ட்ரிஃப்ட் வழியை அடைத்துவிட்டதால், அவர்களுக்கு மிஞ்சியது கரடுமுரடான இந்தச் சரிவு மட்டுமே. அது பஃபலோ ஆற்றில் போய் முடிகிறது. அன்று ஆறு வெள்ளமாக ஓடியது. படைக்கொடியைக் காப்பாற்ற முயன்ற மெல்வில், காக்ஹில் என்ற இரண்டு லெப்டினன்ட்களின் கல்லறை ஆற்றுக்கு மேலேயுள்ள சரிவில் இருக்கிறது. ஆனால் குவியல்களை அங்குல அளவில் நம்ப வேண்டாம். உடல்கள் மாதக்கணக்கில் வெட்டவெளியில் கிடந்தன, பிறகு பலமுறை சேகரித்துப் புதைக்கப்பட்டன, கற்களும் திரும்பத் திரும்ப அடுக்கப்பட்டன. பொதுவான திசையைக் காட்டும், இன்னார் இங்கே விழுந்தார் என்று காட்டாது.

ஜூலு வீரர்களுக்கான நினைவுச்சின்னம் 1999-இல் வந்தது, போர் நடந்து 120 ஆண்டுகள் கழித்து. போரில் வீரம் காட்டியவர் அணிந்த இசிக்கு என்ற மணிமாலையை வெண்கலத்தில் பெரிதாக வார்த்திருக்கிறார் கெர்ட் ஸ்வார்ட் என்ற சிற்பி. அங்கே கொஞ்ச நேரம் நில்லுங்கள். ஆங்கிலேயப் படைப்பிரிவுகளின் கற்களில் பெயர்கள் இருக்கின்றன. ஜூலுத் தரப்பில் இறந்தவர்களை யாரும் எண்ணவில்லை. ஆயிரம் என்பார்கள், அதற்கு மேலும் சொல்வார்கள், எல்லாம் மதிப்பீடுதான். வென்றவர்களின் பெயர்கள் எழுதப்படாமல் போன போர்க்களம் இது. ஆங்கிலேயர் பக்கம் நின்று இறந்த நேட்டால் என்ற பக்கத்து ஆங்கிலேயக் குடியேற்றப் பகுதியின் ஆப்பிரிக்கர்கள் நூற்றுக்கணக்கானவர்களின் நிலையும் அதுவே. பிள்ளைகளோடு வருகிறவர்கள் இதைச் சொல்லாமல் விடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

காட்சி நடக்கும் நாளைப் பற்றி. வழக்கமாக ஜனவரி 22-ஐ ஒட்டிய சனிக்கிழமையில் வைக்கிறார்கள். ஆண்டுக்கு ஆண்டு மாறலாம் என்பதால் அருகிலுள்ள டண்டி ஊரின் தலானா அருங்காட்சியகத்திலோ உங்கள் தங்கும் விடுதியிலோ கேட்டு உறுதி செய்துகொண்டு அறை போடுங்கள். சிவப்புச் சட்டையில் வருகிறவர்கள் டண்டியை மையமாகக் கொண்ட டண்டி டைஹார்ட்ஸ் குழுவினர். எதிர்த்தரப்பில் சுற்றுவட்டாரத்து ஜூலு ஆண்கள் அமபுத்தோ அணிகளாக வருகிறார்கள். தொடக்கத்தில் பாட்டு, ஆட்டம், மலர்வளையம், உரைகள். உரைகள் நீளும், அறிவித்த நேரத்தில் சண்டை தொடங்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆனாலும் அணிகள் பாடிக்கொண்டு வந்து சேரும் அந்த நேரத்தைத் தவறவிடவே கூடாது. சண்டையைவிட அதுதான் கேட்க வேண்டியது. அந்தப் பாடல்களில் படைப்பாடல்களாகத் தலைமுறை தலைமுறையாக வருபவை உண்டு. பாடுகிறவர்களில் பலருக்கு அந்தக் களத்தில் நின்ற முன்னோர் இருக்கிறார்கள்.

காட்சியில் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது? கொம்பு வியூகம் உண்மை: நடுவில் மார்பு, இரு பக்கமும் கொம்புகள், பின்னால் இடுப்பாக ஒதுக்குப்படை. துப்பாக்கியின் இயக்கமும் வேட்டின் ஓசையும் உண்மைக்கு நெருக்கமானவை. அளவு உண்மையல்ல. 20,000 பேர் மூன்று பக்கமும் சூழ்ந்ததை சில நூறு பேரால் காட்ட இயலாது. மைல் கணக்கான தூரத்தையும் பார்வையாளர் பார்க்கும்படி ஒரு மைதான அளவுக்குச் சுருக்கியாக வேண்டும். உடைகளும் விழாக்கால உடைகள். 1879-இல் அந்தச் சிப்பாய்களின் வெள்ளைத் தொப்பிகள் தேயிலைச் சாயம் ஏற்றி மங்கலாக்கப்பட்டிருந்தன, சட்டைகள் ஒட்டுப்போட்டவை. ஜூலு வீரர்களும் இறகு, வால்மயிர் அலங்காரங்களில் பெரும்பாலானவற்றைக் கழற்றிவிட்டுத்தான் சண்டைக்கு வந்தார்கள். காட்சியில் எல்லாரும் ஓட்டமாக ஓடிவந்து மோதுவார்கள். உண்மையில் அவர்கள் புல்லில் படுத்து, எழுந்து, சிறு சிறு ஓட்டமாக முன்னேறினார்கள். பீரங்கிக்காரர்கள் விலகி நிற்பதைப் பார்த்ததும் குண்டு வரப்போகிறது என்று அறிந்து கீழே விழுந்துகொண்டார்கள். ஈட்டியை மட்டும் நம்பி வந்தார்கள் என்பதும் தவறு. பழைய துப்பாக்கிகள் அவர்களிடம் நிறைய இருந்தன. இதையெல்லாம் மகனுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள், கண்மூடித்தனமான வீரம் என்ற படம் மனதில் பதியாமல் இருக்கும். அது திட்டமிட்ட, பயிற்சி பெற்ற ஒரு படையின் வெற்றி.

அங்கே அடிக்கடி காதில் விழும் சில கதைகளையும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். தோட்டாப் பெட்டிகளின் திருகாணிகளைக் கழற்ற ஆள் இல்லாததால்தான் முகாம் விழுந்தது என்பார்கள். பெட்டியின் மூடியில் நடுப்பலகை ஒன்று சறுக்கித் திறக்கும், அதைப் பிடித்திருப்பது ஒரே ஒரு திருகாணி, ஓங்கி அடித்தாலே திறந்துகொள்ளும். டர்ன்ஃபோர்டின் ஆட்களுக்குத் தோட்டா தீர்ந்தது உண்மை. பள்ளத்தை விட்டு அவர்கள் பின்வாங்கியதும் வலது ஓரம் திறந்துபோனதும் உண்மை. ஆனால் முழுத் தோல்விக்கும் காரணம் பெட்டி அல்ல, வரிசையின் நீளம்தான் என்ற கருத்தே இன்று வலுவாக நிற்கிறது. சூரிய கிரகணக் கதை: பிற்பகல் இரண்டரை மணியளவில் பகுதிக் கிரகணம் நிகழ்ந்தது வானியல் கணக்குப்படி உறுதி. அது சண்டையின் போக்கை மாற்றியது என்பதற்கு ஆதாரம் இல்லை, அதற்குள் முகாம் வீழ்ந்துகொண்டிருந்தது. வேல்ஸ் நாட்டுப் படை என்ற கதை: முகாமில் இருந்த ஆங்கிலேயக் காலாட்படையான 24-ஆம் படைப்பிரிவின் அன்றைய பெயரில் இருந்தது வாரிக்‌ஷையர். தென் வேல்ஸ் என்ற பெயர் 1881-இல்தான் வந்தது. பிரெக்கன் ஊரில் தலைமையிடம் இருந்ததால் வேல்ஸ்காரர்கள் ஓரளவு இருந்தார்கள், அவ்வளவே. தோல்விக்குப் பொறுப்பு டர்ன்ஃபோர்டா, முகாமை ஏற்றிருந்த புல்லீனா, செல்ம்ஸ்ஃபோர்டா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. முதல் இருவரும் அங்கேயே இறந்துவிட்டதால் தங்கள் பக்கத்தைச் சொல்ல இல்லை. படையைப் பிரித்ததும் அரண் கட்டாததும் செல்ம்ஸ்ஃபோர்டின் முடிவுகள் என்பதை மட்டும் நான் உறுதியாகச் சொல்வேன்.

நம் ஆட்கள் பற்றி. முதல் ஒப்பந்தத் தொழிலாளர்கள் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் டர்பனில் இறங்கியது 1860 நவம்பர் 16. ஆகவே 1879-இல் நம்மவர்கள் நேட்டாலில் இருந்தார்கள், ஆனால் கடற்கரைக் கரும்புத் தோட்டங்களில். படையெடுத்துப் போன அணிகளில் இந்தியப் பிரிவு எதுவும் கிடையாது. நீங்கள் கேள்விப்பட்டது இருபது ஆண்டு கழித்து வந்த, டச்சு வழிவந்த குடியேறிகளான போயர்களோடு ஆங்கிலேயர் நடத்திய ஆங்கிலேய–போயர் போராக இருக்க வேண்டும். 1899 டிசம்பரில் காந்தி முன்னின்று திரட்டிய இந்திய ஆம்புலன்ஸ் படையில் ஏறத்தாழ 1,100 பேர் இருந்தார்கள். அவர்களில் பெரும்பகுதி ஒப்பந்தத் தொழிலாளர்கள், தமிழர்களும் அவர்களுள் அடக்கம். கொலென்ஸோ, ஸ்பியோன் கொப் சண்டைகளில் காயம்பட்டவர்களை டோலியில் சுமந்து, சில நாள்களில் இருபது இருபத்தைந்து மைல் வரை நடந்தார்கள். 1900 ஜனவரி 24-ஆம் தேதி ஸ்பியோன் கொப் மலையில் காந்தி, சர்ச்சில், போத்தா மூவரும் ஒரே நேரத்தில் இருந்தார்கள் என்பது அந்தப் பக்கம் அடிக்கடி கேட்கும் வாசகம். போத்தா போயர் படையை நடத்தினார், சர்ச்சில் மலையேறினார், இவை பதிவானவை. ஆம்புலன்ஸ் படை அந்தச் சண்டையில் குண்டு விழும் எல்லைக்குள் வேலை செய்ததும் பதிவானது. காந்தி அன்று மலையுச்சியில் நின்றார் என்பதற்கு மட்டும் அப்படி ஆதாரம் கிடையாது.

அந்தத் தடத்தைத் தொட விரும்பினால் லேடிஸ்மித் போங்கள், டண்டியிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரம். அந்தப் போரில் போயர்கள் அந்த ஊரைச் சூழ்ந்திருந்த 118 நாள் முற்றுகையில் எதிரியின் பெரிய பீரங்கி வெடிக்கும் ஒவ்வொரு முறையும் மணியடித்து ஊரை எச்சரித்த பிரபு சிங் என்ற ஒப்பந்தத் தொழிலாளி அந்த ஊர்க்காரர். அங்குள்ள விஷ்ணு கோயில் வளாகத்தில் காந்தி சிலையும் உண்டு. டண்டிக்கே ஒரு சம்பந்தம் இருக்கிறது: 1913 நவம்பர் 11-ஆம் தேதி, நியூகாசில், டண்டிப் பகுதி நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது, காந்திக்கு ஒன்பது மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது அந்த ஊர் நீதிமன்றத்தில்தான். அந்தச் சுரங்கங்களிலிருந்து வெளியே வந்து நின்றவர்களில் நம் மக்கள் திரளாக இருந்தார்கள். பெற்றோரிடம் சொல்ல வேண்டிய வரலாறு என்றால் எனக்கு முதலில் தோன்றுவது இதுதான். ஜூலு மக்களோடு நம்மவர்களின் தொடர்பைப் பற்றிக் கேட்டால், ஆட்சிக்கு எதிராக ஜூலு மக்கள் கிளர்ந்த 1906 பம்பத்தா எழுச்சியில் காந்தியின் சிறு டோலிப் படை, வெள்ளைச் செவிலியர் தொட மறுத்த ஜூலுக் காயக்காரர்களுக்கு மருந்திட்டதைச் சொல்லலாம். அந்தப் படை அடக்குமுறை செய்த அரசின் பக்கமாகவே போனது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பயணம். ஒரே நாளில் திரும்பும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து ஃபோல்க்ஸ்ரஸ்ட், நியூகாசில் வழியாக டண்டிக்கு நான்கைந்து மணி நேரம். அங்கிருந்து ஆர்-68 சாலையில் நுகுத்து ஊரைத் தாண்டி இசாண்ட்லவானாவுக்குச் சுமார் 80 கிலோமீட்டர், கடைசிப் பகுதி மண்சாலை. விடியலில் கிளம்பி, வெயிலில் நின்று, அந்தி மங்கும் நேரத்தில் திரும்ப ஓட்டுவதுதான் ஆபத்து. சாலையில் மாடும் ஆடும் படுத்திருக்கும், குழிகள் ஆழமானவை, இருட்டில் இரண்டும் தெரியாது. வியாழன் மாலை டண்டி வந்து சேருங்கள். வெள்ளி காலை ஏழு மணிக்குக் களத்தில் இருந்தால் பத்தரைக்குள் நடந்து முடித்துவிடலாம். பிறகு மண்சாலையில் பதினைந்து கிலோமீட்டர் போனால் ரோர்க்ஸ் ட்ரிஃப்ட். அன்றைய போரும் அதே திசையில்தான் நகர்ந்தது: ஏறத்தாழ 150 பேர் காவல் இருந்த அந்த மிஷன் வளாகத்தை மூவாயிரம் நாலாயிரம் ஜூலு வீரர்கள் இரவெல்லாம் தாக்கினார்கள். இப்போது இருக்கும் மருத்துவமனைக் கட்டடம் பின்னால் கட்டியது, பழையது அன்றிரவே எரிந்துபோனது. மூட்டைகளாலும் பிஸ்கட் பெட்டிகளாலும் கட்டிய அரணின் கோட்டைத் தரையில் கற்களால் குறித்திருக்கிறார்கள். அதைக் காலால் அளந்தாலே எவ்வளவு குறுகிய இடம் என்று தெரியும். அங்கேயே நெசவும் மண்பாண்டமும் செய்யும் கலைக்கூடம் இருக்கிறது, அம்மாவுக்குப் பிடிக்கும். சனிக்கிழமை காட்சி, ஞாயிறு வீடு.

சாதாரண கார் போதும், வறண்டிருந்தால். முந்தின இரவு நல்ல மழை என்றால் மண்சாலை களிமண்ணாக வழுக்கும். மெதுவாகப் போங்கள், திடீரென்று பிரேக் பிடிக்காதீர்கள், ஆற்றங்கரைப் பக்கக் குறுக்குவழிகளை விட்டுவிட்டு நுகுத்து வழியாகவே சுற்றி வாருங்கள். டண்டியிலேயே பெட்ரோல் நிரப்பிக்கொள்ளுங்கள். கையில் ரொக்கம் வேண்டும், அட்டை இயந்திரம் எல்லா நேரமும் வேலை செய்யாது. வரைபடத்தைக் கைபேசியில் முன்பே இறக்கி வையுங்கள், சிக்னல் விட்டு விட்டுத்தான் கிடைக்கும். மலேரியாப் பயம் இந்த மேட்டுப் பகுதிக்கு இல்லை. உண்ணி உண்டு: நீளக் காற்சட்டை, அதன் விளிம்பு காலுறைக்குள், இரவு பையனின் முழங்கால் மடிப்பையும் காதோரத்தையும் பார்த்துவிடுங்கள். புல்லுக்குள் விரியன் படுத்திருக்கும், வழித்தடத்தை விட்டு இறங்கினால் கோலால் தட்டிக்கொண்டு போங்கள்.

பெற்றோருக்கு வெயிலும் மழையும்தான் சிக்கல், தூரம் அல்ல. களத்தில் நிழல் கிடையாது. ஆளுக்கு இரண்டு லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர், அகலத் தொப்பி, மடக்கு நாற்காலி. வண்டி மலையடிவாரம்வரை போகும், எனவே அதிகம் நடக்காமலே அவர்கள் கணவாயையும் சின்னங்களையும் பார்க்கலாம். மலையேறுவது அவர்களுக்கு வேண்டாம். ஜனவரி பிற்பகலில் இடிமழை வழக்கம். மின்னலுக்கும் இடிக்கும் இடையே முப்பது எண்ணுவதற்குள் சத்தம் வந்துவிட்டால் குடையை மடக்கிவிட்டு எல்லாரும் காருக்குள் போய்விட வேண்டும். மரத்தடியோ கூடாரமோ பாதுகாப்பில்லை. தைப்பூசம் இந்த வாரங்களில் அல்லது அதை ஒட்டி வரும். காவடிக்கு விரதம் பிடிப்பவர்கள் இருந்தால் சாப்பாட்டைக் கையோடு கொண்டு போங்கள். காட்சியன்று விற்பது பெரும்பாலும் இறைச்சியாக இருக்கும். ரொட்டியும் உருளைக்கிழங்குக் கறியும், புளிச்சோறும் நாள் முழுக்கத் தாங்கும். தயிர்ச்சோறு அந்த வெயிலில் கார் பெட்டிக்குள் நிற்காது.

காட்சிக்கு அறிவித்த நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே போய், முதுகில் வெயிலும் காற்றும் படும் பக்கமாக நாற்காலி போடுங்கள். காற்றுக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தால் புகை முழுக்க உங்கள் மேல் வரும். மூச்சிரைப்பு உள்ளவர்களுக்குக் கருமருந்துப் புகை ஆகாது. வெற்றுத் தோட்டாதான் சுடுவார்கள், ஆனாலும் சத்தம் காதை அடைக்கும். பையனுக்குக் காதுமூடி கட்டாயம். கயிற்று எல்லையைத் தாண்ட விடாதீர்கள்: குண்டு இல்லாத தோட்டாவும் கிட்டே நின்றால் காயப்படுத்திவிடும். காட்சி முடிந்து நடிகர்கள் எழுந்து வந்த பிறகு துப்பாக்கியையும் கேடயத்தையும் காட்டச் சொல்லிக் கேட்கலாம், பெரும்பாலும் மகிழ்ச்சியோடு காட்டுவார்கள். வழிகாட்டி வைத்துக்கொண்டால், பையன் கூட இருக்கிறான் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இறந்த எதிரியின் வயிற்றைக் கீறி ஆவியை விடுவிக்கும் ஜூலுச் சடங்கைப் பற்றி விவரமாகச் சொல்கிறவர்கள் உண்டு. பெரியவர்களுக்கு அது தேவையான விளக்கம், எட்டு வயதுக்கு வேண்டாம்.

களம் முழுவதும் கல்லறை என்பதை மறக்காதீர்கள். கற்குவியலில் உட்காரக் கூடாது, கல்லை எடுக்கவோ சேர்க்கவோ கூடாது. மழைக்குப் பிறகு பச்சை பிடித்த தோட்டா உறையோ பொத்தானோ மண்ணில் தலைகாட்டலாம். தொடாமல் இடத்தைக் குறித்துக்கொண்டு ஊழியரிடம் சொல்லுங்கள். எடுத்து வருவது 1999-ஆம் ஆண்டின் 25-ஆம் எண் மரபுவளச் சட்டப்படி குற்றம். அதைவிட முக்கியம், எடுத்துவிட்டால் அது எங்கே கிடந்தது என்ற செய்தி அழிந்துவிடும். யார் எங்கே நின்று சுட்டார்கள் என்று ஆய்வாளர்கள் அறிந்தது அப்படிப்பட்ட சிறு துண்டுகள் கிடந்த இடங்களை வைத்துத்தான். ஜூலுக் குடும்பத்தினர் சிலர் ஒரு முள்மரக் கிளையைக் கையில் பிடித்து, அதனோடு மெல்லப் பேசிக்கொண்டு நடப்பதைப் பார்த்தால் விலகி வழி விடுங்கள், படம் எடுக்காதீர்கள். அந்த மரம் நம் இலந்தையின் இனம். இறந்த இடத்திலிருந்து முன்னோரின் ஆவியை அந்தக் கிளையில் ஏற்றி வீட்டுக்கு அழைத்துப் போகிறார்கள். கிராமத்தில் யாரைக் கடந்தாலும் முதலில் 'சனிபோனானி' என்று வணக்கம் சொல்லுங்கள், பிறகு வழி கேளுங்கள். மூத்தவர்களோடு வந்திருக்கும் குடும்பம் என்றால் அங்கே மரியாதை தானாகக் கிடைக்கும்.

ஜனவரி வெயில் பெற்றோருக்கு முடியாது என்று மருத்துவர் சொன்னால், மாற்று ஏற்பாடு டண்டியின் தலானா. 1899 அக்டோபர் 20-ஆம் தேதி போயர் போரின் முதல் பெரிய சண்டை நடந்த குன்றின் அடிவாரத்தில் அருங்காட்சியகமாக இருக்கும் வளாகம் அது. மரநிழல், கழிப்பறை, உட்கார இடம் எல்லாம் உண்டு, ஜூலுப் போருக்கும் நிலக்கரிச் சுரங்கத்துக்கும் தனிக் கூடங்கள் இருக்கின்றன. அக்டோபரில் அங்கேயும் பழைய படையுடைகளில் விழா நடத்துவது வழக்கம். மறந்தும் டிசம்பர் கடைசிவரை அறைக்குக் காத்திருக்காதீர்கள். ஜனவரி 22-ஐ ஒட்டிய வாரத்தில் வெளிநாட்டிலிருந்து படைப்பிரிவு வழிவந்தவர்களும் வரலாற்று ஆர்வலர்களும் வந்துவிடுவார்கள், டண்டியிலும் ரோர்க்ஸ் ட்ரிஃப்டிலும் இருக்கும் விடுதிகள் குறைவு. தேதியை உறுதி செய்தவுடன் முதலில் தரைத்தள அறையாகக் கேட்டுப் போடுங்கள், வழிகாட்டியை வெள்ளிக்கிழமை காலைக்குச் சொல்லிவையுங்கள். சனிக்கிழமை காட்சியன்று அவர்கள் யாரும் ஓய்வாகக் கிடைக்க மாட்டார்கள்.